முதுகு காட்டி ஓடவைத்தவர்: ஜாக் சார்ல்ட்டனின் கால்பந்து

பின்களத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு மிகவும் வெறுப்பான பந்து எது? கோலை நோக்கி இடிபோல வரும் ஷாட் அல்ல. அதற்குக் கோல்கீப்பர் இருக்கிறார். காலுக்குள் பந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டும் வித்தைக்காரரும் அல்ல. அவர் கண்ணெதிரே இருக்கிறார், பொறுத்திருந்து மடக்கலாம். வெறுப்பானது, தலைக்கு மேலே பறந்துபோய் மூலைக் கொடிக்கு அருகில் விழும் பந்து. அதை எடுக்க அவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் சொந்தக் கோல் பக்கமாக ஓட வேண்டும். துரத்தி வருபவரின் மூச்சு கேட்கும், ஆள் தெரியாது. பந்தை எட்டிய பிறகும் நிம்மதி கிடையாது. திரும்பினால் மாட்டிக்கொள்வார், வெளியே தட்டிவிட்டால் எதிரணிக்கு த்ரோ.

இந்தத் தொல்லையை 21 பருவங்கள் அனுபவித்த ஒருவர், ஒரு நாட்டு அணியின் பொறுப்பு கைக்கு வந்ததும் அதையே 90 நிமிடமும் எதிரணிக்குத் திருப்பிக் கொடுத்தார். 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து வீரர், பாபி சார்ல்ட்டனின் அண்ணன், அயர்லாந்து மக்களின் செல்லப்பிள்ளை என்று மூன்று தனித்தனிப் படங்களாகவே ஜாக் சார்ல்ட்டனை நமக்குக் காட்டுவார்கள். எனக்கு அது ஒரே படமாகத்தான் தெரிகிறது. பயிற்சியாளராக அவர் செய்தவை எல்லாம் ஒரு சென்டர் ஹாஃபின் (பின்களத்தின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரின்) நினைவிலிருந்து வந்தவை.

அவர் பிறந்தது 1935 மே 8 அன்று, வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஆஷிங்டனில். அப்பா சுரங்கத் தொழிலாளி. பந்து வந்தது அம்மா வழியில். அம்மா சிஸ்ஸியின் நான்கு சகோதரர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசிலின் புகழ்பெற்ற முன்கள வீரர் ஜாக்கி மில்பர்ன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். இரண்டு வயது இளையவரான பாபிக்குச் சிறுவயதிலேயே பெரிய கிளப்புகள் வரிசையில் நின்றன. ஜாக்கைத் தேடி யாரும் பெரிதாக வரவில்லை. உயரமான, கழுத்து நீண்ட, கைகால் ஒத்துழைக்காத பையன். பின்னாளில் ‘ஒட்டகச்சிவிங்கி’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 15 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். கொஞ்ச நாளிலேயே இது நமக்கு ஆகாது என்று வெளியே வந்தார். போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தார். அந்த நேர்காணலும் லீட்ஸ் யுனைடெட் கிளப்பின் சோதனை ஆட்டமும் மோதிக்கொண்டன. அவர் லீட்ஸுக்குப் போனார்.

1953 ஏப்ரலில் முதல் அணிக்காக முதல் ஆட்டம். இடையில் இரண்டு ஆண்டு கட்டாய ராணுவ சேவை. அதன்பின் 1950களின் பிற்பாதியில் அவர் நன்றாக ஆடினார் என்று சொன்னால் அது நட்புக்காகச் சொல்வதாகத்தான் இருக்கும். பந்தோடு தோன்றிய திசையில் ஓடுவார், கோபம் வந்தால் எல்லோரிடமும் சண்டை பிடிப்பார். அப்போது சக வீரராக இருந்த டான் ரெவி, தான் மேனேஜராக இருந்தால் உன்னை அணியில் சேர்க்கவே மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். 1961 மார்ச்சில் அந்த ரெவியே மேனேஜரானார். (இங்கிலாந்தில் தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் அழைக்கிறார்கள், வீரர்களை வாங்குவதும் விற்பதும்கூட அவர் பொறுப்பு.) லீட்ஸ் அப்போது இரண்டாம் டிவிஷனில் தத்தளித்தது. ஜாக்கை விற்கும் பேச்சும் எழுந்தது. லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் விசாரித்தன. அவர் போகவில்லை. ஒழுங்காக ஆடினால் இங்கிலாந்துக்கே ஆடலாம் என்று ரெவி சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்.

1964இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே லீக்கிலும் எஃப்.ஏ. கோப்பையிலும் இரண்டாமிடம். 1965 ஏப்ரல் 10 அன்று, 30 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், ஸ்காட்லாந்துக்கு எதிராக ஜாக் முதன்முறையாக இங்கிலாந்துச் சட்டை போட்டார். என்னைப் போய் ஏன் எடுத்தீர்கள் என்று இங்கிலாந்து மேனேஜர் ஆல்ஃப் ராம்சியிடம் அவர் கேட்டதும், ராம்சி சொன்ன பதிலும் கால்பந்து உலகில் பலமுறை மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டவை. என் மனதில் ஓர் ஆட்ட முறை இருக்கிறது, அதற்குப் பொருந்துபவர்களை எடுக்கிறேன், எப்போதும் மிகச் சிறந்தவர்களையே எடுப்பதில்லை என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். வேறொருவராக இருந்தால் மனம் புண்பட்டிருக்கும். ஜாக் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். இருபது ஆண்டு கழித்து, தன்னைவிடப் பல மடங்கு திறமை கொண்ட அயர்லாந்து வீரர்களிடம் அதே பதிலைப் பிரயோகித்தார்.

1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அரையிறுதியில் போர்ச்சுகல் அடித்த ஒரே கோலுக்கு ஜாக்தான் காரணம்: டோரஸ் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போவதைக் கையால் தடுத்தார், யுசேபியோ பெனால்ட்டியை அடித்தார். இன்றைய விதிப்படி அது சிவப்பு அட்டை. இறுதி ஆட்டத்தை அவர் பார்வையாளர் வரிசையிலிருந்துதான் பார்த்திருப்பார். அன்று அந்த விதி இல்லை. இறுதியிலும் 89ஆம் நிமிடத்தில் மேற்கு ஜெர்மனி சமன் செய்த கோல், ஜாக் மீது கொடுக்கப்பட்ட ஃப்ரீ கிக்கிலிருந்து வந்தது. கூடுதல் நேரத்தில் 4-2 என்று வென்று விசில் ஊதியபோது அவர் மைதானத்தில் மண்டியிட்டு விழுந்தார். மகிழ்ச்சி என்கிறார்கள். தப்பித்தோம் என்ற உணர்வும் அதில் பாதியாவது இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

லீட்ஸின் பொற்காலம் அதன் பிறகுதான். 1968இல் லீக் கோப்பை, அதே ஆண்டும் 1971லும் இன்டர்-சிட்டீஸ் ஃபேர்ஸ் கோப்பை, 1969இல் இரண்டே இரண்டு தோல்விகளோடு லீக் பட்டம், 1972இல் எஃப்.ஏ. கோப்பை. அந்த லீட்ஸை ரசித்தவர்களைவிடச் சபித்தவர்கள் அதிகம். முரட்டு அணி என்று பெயர் எடுத்தது. கணக்குத் தீர்க்க வேண்டிய வீரர்களின் பெயர்களைக் கறுப்புக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருப்பதாக 1970இல் தொலைக்காட்சியில் ஜாக் வாய் தவறிச் சொல்ல, கால்பந்துச் சங்கம் விசாரணையே நடத்தியது.

ஆனால் அந்த ஆண்டுகளில் நான் கவனிக்கச் சொல்வது ஒரு சின்ன வேலையை. லீட்ஸுக்குக் கார்னர் கிடைத்தால் ஜாக் போய் எதிரணிக் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் நிற்பார். எதுவும் செய்ய மாட்டார், வெறுமனே நிற்பார். கோல்கீப்பர் வெளியே வர முடியாது, பந்தைப் பார்க்கவும் முடியாது. நடுவர்களுக்கு இது குற்றமா இல்லையா என்றே குழப்பம். இன்று எந்த ஆட்டத்திலும் பார்க்கலாம். அன்று அதற்காக ஊரே கத்தியது. தடுப்பவரை எது தொந்தரவு செய்யும் என்று கண்டுபிடித்து அதையே விடாமல் செய்வது என்ற அவருடைய மொத்தப் பயிற்சித் தத்துவமும் அந்த நிற்பில் இருந்தது.

லீட்ஸுக்காக 773 ஆட்டங்கள். அந்தக் கிளப்பில் இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. ஒரு சென்டர் ஹாஃபுக்கு 773 ஆட்டங்கள் என்றால் தலையால் முட்டிய பந்துகள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்ற கேள்வி இப்போது கசப்பாக ஒலிக்கிறது. ஜாக் கடைசிக் காலத்தில் மறதி நோயால் அவதிப்பட்டார். அவரோடு 1966இல் ஆடிய ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், தம்பி பாபி ஆகியோருக்கும் அதே நோய். முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. அதன் தொடர்ச்சி 2021இல் ஆட்ட இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தது: அந்த நோய்களுக்கான ஆபத்து தடுப்பாட்டக்காரர்களுக்கு ஐந்து மடங்கு, கோல்கீப்பர்களுக்கு ஏறத்தாழ மற்றவர்கள் அளவே. ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று எந்த ஆய்வும் சொல்ல முடியாது. ஆனாலும் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப்போகும் அந்தக் காலத் தோல் பந்தை நினைத்துக்கொள்ளாமல் இந்த எண்களைக் கடந்துபோக முடியவில்லை.

1973இல் அண்ணன், தம்பி இருவருமே ஆட்டத்திலிருந்து விலகி மேனேஜர்களானார்கள். இரண்டு அணிகளும் இரண்டாம் டிவிஷனில் இருந்தன. பாபி பொறுப்பேற்ற பிரஸ்டன் அந்தப் பருவ முடிவில் கீழே இறங்கியது. ஜாக் பொறுப்பேற்ற மிடில்ஸ்பரோ 15 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு ஏறியது. வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுத்த காலம் அது. 15 என்பது பெரிய இடைவெளி. அண்ணனுக்கு ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது வந்தது. அதுவரை முதல் டிவிஷனுக்கு வெளியே யாருக்கும் அது கிடைத்ததில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இயல்பாக வந்த திறமையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம்; பாபியிடம் ‘எப்படி அடித்தாய்’ என்று கேட்டால் ‘அடித்தேன்’ என்பதுதான் பதிலாக இருக்கும். ஜாக் எல்லாவற்றையும் கணக்குப் போட்டே கற்றவர். ஆடிக்கொண்டிருந்தபோதே லில்லிஷாலில் நடந்த பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போய்ச் சான்றிதழ்கள் வாங்கினார். மிடில்ஸ்பரோவில் அவர் முதலில் பார்த்தது, எதிரணிப் பின்கள வரிசை ஆஃப்சைடு பொறிக்காக, அதாவது முன்களத்தில் நிற்பவரை விதிமீறலில் மாட்டிவிட, மேலே ஏறி நிற்பதை. அதை உடைக்க, வேகமான ஆலன் ஃபோகனை நடுக்களத்திலிருந்து அந்த வரிசைக்குப் பின்னால் ஓடவிட்டார். பந்து தலைக்கு மேலே போகும், அவர்கள் திரும்ப வேண்டும். அயர்லாந்தின் விதை இங்கே போடப்பட்டது.

1977இல் ரெவி இங்கிலாந்து மேனேஜர் பதவியை உதறிவிட்டு ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனபோது, ஜாக் அந்த வேலைக்கு விண்ணப்பித்தார். மறுப்புக் கடிதம்கூட வரவில்லை, பதிலே வரவில்லை. உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த பதினொருவரில் ஒருவருக்கு அந்தச் சங்கம் காட்டிய மரியாதை அவ்வளவுதான். இனி எந்த வேலைக்கும் விண்ணப்பிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார். மூன்றாம் டிவிஷனின் அடியில் கிடந்த ஷெஃபீல்டு வென்ஸ்டேயை எடுத்து 1980இல் மேலே ஏற்றினார். பிறகு சொந்த மண்ணான நியூகாசிலில் ஒரே ஒரு பருவம். 1985இல் பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டத்தில் ரசிகர்கள் கூச்சலிட்டதும், இது எனக்குத் தேவையில்லை என்று ராஜினாமா செய்துவிட்டுப் போனார். மீன்பிடி தூண்டில் அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது.

அயர்லாந்துக் குடியரசு அணிக்கு அதுவரை இங்கிலாந்துக்காரர் ஒருவர் மேனேஜராக இருந்ததில்லை. 1986 பிப்ரவரியில் நடந்த தேர்வே ஒரு நாடகம். லிவர்பூலின் முன்னாள் மேனேஜர் பாப் பெய்ஸ்லி கடைசி நேரத்தில் பட்டியலில் வந்து முதல் சுற்றில் முன்னிலை பெற, இறுதிச் சுற்றில் ஜாக் 10-8 என்று வென்றார். தோற்றவர்களில் அவருடைய பழைய லீட்ஸ் தோழர் ஜானி கைல்ஸும் ஒருவர். அயர்லாந்து அதுவரை எந்தப் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்கும் தகுதி பெற்றதில்லை.

அந்தக் கோடையில் மெக்சிகோ உலகக் கோப்பையைப் பார்த்துவிட்டு ஜாக் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லா நாடுகளும் நடுக்களத்தின் வழியாக, ஒரு ஆட்டக்கார மூளையை நம்பி, பொறுமையாகப் பந்தைக் கடத்தின. அந்த ஆட்டத்தை அவர்களோடு ஆடினால் அயர்லாந்து தோற்கும். ஆகவே நடுக்களத்தைத் தாண்டிப் பந்தை அனுப்ப வேண்டும். எங்கே? எதிரணிப் பக்கவாட்டுத் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் உள்ள காலி இடத்துக்கு. ‘நீளமாக உதைத்துவிட்டு ஓடும் ஆட்டம்’ என்று இதைக் கேலி செய்தவர்கள் அந்த முறையின் மறுபாதியைக் கவனிக்கவில்லை. பந்து விழுந்ததும் முன்கள வீரர் துரத்துவார். அவர் பந்தைப் பெற வேண்டும் என்பது நோக்கமே அல்ல. அதற்குள் மொத்த அயர்லாந்து அணியும் மேலே ஏறிவிடும். திரும்பி ஓடிய தடுப்பாளர் அவசரமாகத் தட்டும் பந்து அவர்கள் காலில் வந்து விழும், அல்லது எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் த்ரோ கிடைக்கும். ‘அவர்களை நெருக்குங்கள்’ என்பது ஜாக்கின் வாய்ப்பாடு. இந்த வேலைக்கு விலையும் உண்டு. லிவர்பூலில் கோல்களாகக் குவித்த ஜான் ஆல்ட்ரிட்ஜ், அயர்லாந்துக்குத் தன் முதல் கோலை அடிக்க 20 ஆட்டங்கள் ஆயின. மூலைக்கு மூலை ஓடி அலைந்தவருக்குக் கோலுக்கு முன்னால் நிற்க நேரமேது?

ஆள்களையும் அவர் தன் வழியில் தேடினார். தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தாலே அந்த நாட்டுக்கு ஆடலாம். பஞ்சத்துக்கும் வேலைக்கும் கடல் கடந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிளப்புகளில் நிறைய இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டில் ஆல்ட்ரிட்ஜைப் பார்க்கப் போனவர், கூடவே கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹௌட்டனையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். அயர்லாந்துச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமான எஃப்.ஏ.ஐ. என்பதற்கு ‘இன்னொரு ஐரிஷ்காரனைக் கண்டுபிடி’ என்று விளக்கம் சொல்லிச் சிரித்தார்கள்.

1988 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) தகுதிச் சுற்றில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. சொந்த மண்ணில் சமன் செய்தாலே போதும் என்றிருந்த பல்கேரியாவை, கடைசி நிமிடங்களில் கேரி மக்கே அடித்த கோலால் ஸ்காட்லாந்து வீழ்த்த, வாய்ப்பு அயர்லாந்துக்கு வந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஜூன் 12 அன்று முதல் ஆட்டம். எதிரணி இங்கிலாந்து. அன்று இறங்கிய அயர்லாந்துப் பதினொருவரில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் நான்கே பேர். ஆறாவது நிமிடத்தில் ஹௌட்டன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. பிறகு 84 நிமிடங்கள் தடுத்து ஆடினார்கள். 1-0. விண்ணப்பத்துக்குப் பதில் போடாத சங்கத்துக்கு இப்படியும் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது.

சோவியத் யூனியனோடு சமன், நெதர்லாந்திடம் 82ஆம் நிமிடக் கோலால் தோல்வி. அந்த இரண்டு அணிகளும்தான் இறுதி ஆட்டத்தில் மோதின.

1990இல் முதல் உலகக் கோப்பை. இத்தாலியில் அயர்லாந்து ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல் அடித்தது, ஓர் ஆட்டத்தைக்கூட 90 நிமிடத்தில் வெல்லவில்லை, ஆனாலும் காலிறுதிக்குப் போனது. இங்கிலாந்து, எகிப்து, நெதர்லாந்து மூன்றோடும் சமன். ருமேனியாவைப் பெனால்ட்டி உதைகளில் 5-4 என்று தாண்டியது: கோல்கீப்பர் பேக்கி பானர் தடுத்தார், டேவிட் ஓ’லியரி கடைசி உதையை அடித்தார். இந்த ஓ’லியரி பந்தை அழகாகக் கையாளும் தடுப்பாளர்; ஜாக்கால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓரங்கட்டப்பட்டவர். காலிறுதியில் ஸ்கில்லாச்சியின் கோலால் இத்தாலி வென்றது. வேலையின்மையும் குடிபெயர்வும் வாட்டிய பத்தாண்டைக் கடந்துவந்த நாடு அது. டப்ளினில் அவர்களை வரவேற்கச் சுமார் 5 லட்சம் பேர் தெருவில் நின்றார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 35 லட்சம்.

விமர்சகர்களை நான் ஒதுக்கிவிட மாட்டேன். எகிப்துடனான 0-0 ஆட்டம் பார்க்கச் சகிக்காதது. தொலைக்காட்சியில் ஈமன் டன்ஃபி வெறுப்பில் பேனாவை வீசி எறிந்தார். லியம் பிரேடி அயர்லாந்தின் தலைசிறந்த நடுக்களக் கலைஞர்; 1989இல் ஒரு நட்பு ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே அவரை ஜாக் வெளியே எடுத்தார், அதோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாகப் பிரேடி அறிவித்தார். அப்படி அவமானப்படுத்தியிருக்க வேண்டாம். வீலன், ஷீடி, ஹௌட்டன் போன்ற கால்கள் இருந்தும் பந்தை அவர்கள் தலைக்கு மேலே அனுப்பியது வீணடிப்பு என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதிக்கு, அவர்களைவிடத் திறமைசாலிகள் முந்தைய அணிகளிலும் இருந்து எங்கும் தகுதி பெறவில்லை என்பது பதில்.

பின்னால் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுத்து நேரம் கடத்துவது 1990இல் எல்லோரும் செய்ததுதான், பானரும் செய்தார். அந்தச் சலிப்பிலிருந்துதான் 1992இல் விதி மாறியது. அதன்பின் முதுகு காட்டி ஓடும் தடுப்பாளருக்கு இருந்த ஒரே புகலிடமும் போனது. ஜாக்கின் நெருக்கலுக்கு இதைவிடச் சாதகமான விதி இருக்க முடியாது. ஆனால் அவருடைய வீரர்களுக்கு அதற்குள் வயதாகத் தொடங்கியிருந்தது.

பால் மெக்ராத் அதற்கு உதாரணம். பழுதான முழங்கால்கள், குடிப்பழக்கத்தோடு ஓயாத போராட்டம். யாரிடமும் பொறுமை காட்டாத ஜாக், இவரிடம் மட்டும் தந்தையைப் போல நடந்துகொண்டார். பிறவித் தடுப்பாட்டக்காரரான அவரைப் பல ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடவைத்தார்; தான் நம்பும் ஆள் எதிரணி மூளைக்கு மிக அருகில் நிற்கட்டும் என்பது கணக்கு. 1994 ஜூன் 18 அன்று நியூயார்க்குக்கு அருகிலுள்ள ஜயண்ட்ஸ் மைதானத்தில் மெக்ராத் பின்களத்தில் ஆடினார். ஹௌட்டனின் கோலால் இத்தாலி 1-0 என்று தோற்ற அன்று, பாஜியோவை அவர் மூச்சுவிட அனுமதிக்கவில்லை. அதே இரவில் வட அயர்லாந்தின் லாக்கினைலண்ட் சிற்றூரில், மதுக்கடையில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரை, பிரிட்டனோடு இணைந்திருப்பதை ஆதரித்த ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள். ஓர் இங்கிலாந்துக்காரர் அயர்லாந்து அணியை நடத்திய காலம் எப்படிப்பட்டது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1995 டிசம்பரில் ஆன்ஃபீல்டில் நெதர்லாந்திடம் 2-0 தோல்வி. யூரோ 96 வாய்ப்பு போனது, ஜாக் விலகினார். மொத்தம் 94 ஆட்டங்கள், 47 வெற்றி, 30 சமன், 17 தோல்வி.

அடுத்த ஆண்டு அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. கார்க் விமான நிலையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கால்பந்தோடு அல்ல, தூண்டிலும் மீனுமாக. 2020 ஜூலை 10 அன்று, 85 வயதில் அவர் காலமானார். அயர்லாந்தின் மதுக்கடைகளில் அவர் காசோலை எழுதித்தான் பணம் கொடுப்பாராம். கடைக்காரர்கள் அதை வங்கியில் போடாமல் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.